பஸ்ஸை எங்கே நிறுத்துவது?

நாமக்கல் பக்கத்துக் கட்டடக் கலைஞர் அருண் பிரபு 2019-ல் ஒரு ஆட்டோவின் முதுகில் வீடு கட்டினார். ஆறடிக்கு ஆறடி, மொத்தம் 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, அடுப்படி, குளியலறை. 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் தகடு. பெரும்பாலும் பழைய சாமான்களை வைத்தே கட்டியது. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். 'சோலோ .01' என்ற அந்த வீட்டின் படம் செல்போன்களில் சுற்றியபோது ஆனந்த் மகிந்திரா வரைக்கும் வியந்து பாராட்டினார்கள். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு செக்கிங் அம்மா மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கீங்க புடிப்பாங்க?" என்றார்.

இந்த ஊரில் தண்ணீர் சாதாரணக் கேள்வி இல்லை. சாயப்பட்டறைகளுக்கும் வீடுகளுக்குமாகப் பவானியிலிருந்து குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் தனிக் கம்பெனியே அமைத்த ஊர். அப்படியும் லைன் வீடுகளில் காலி குடங்கள் வரிசையில்தான் நிற்கும்.

அந்த அம்மாவின் கேள்வியை மறுபடி நினைக்கவைத்தவர், பெருமாநல்லூர் ரோட்டில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் என் நண்பர். பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து இருபது மிஷின் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் ஒன்று தன் பழைய பஸ்களைக் கழிக்கப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, ரெண்டு பஸ்ஸப் புடிச்சு நம்ம காலியிடத்துல போட்டுட்டா ஒடிசாப் பசங்க பத்துப் பேரும் தங்கிக்குவாங்க. லைன் வீட்டவிட நல்லாவே இருக்குமுங்க. ஒருக்கா வந்து பாருங்க."

நல்லாவே இருக்கும் என்பதில் பொய்யில்லை. லைன் வீடு என்பது ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட அறைகளின் வரிசை. அறை பத்துக்குப் பத்து. கொஞ்சம் தாராளமானவர் கட்டியதென்றால் பத்துக்குப் பன்னிரண்டு. மேலே சிமெண்ட் அட்டை, கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. பெரிய பள்ளி பஸ்ஸோ வெளியளவில் பதினோரு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். டிரைவர் இடத்தையும் சுவர்க் கனத்தையும் கழித்தாலும் இருநூறு சதுர அடிக்கு மேலே தேறும். லைன் அறை இரண்டு அதற்குள் அடங்கும். இரு பக்கமும் ஜன்னல். பல லைன் அறைகளுக்கு ஜன்னல் ஒன்று இருந்தாலே பெரிய விஷயம்.

உள்ளே என்ன செய்ய வேண்டும் என்று கேட்கக் கரூர் போனோம். கம்பெனி தருவது சேஸிஸ் மட்டும்தான். சதுரக் குழாயில் கூடு, தகரம், பிளைவுட் தரை, ரெக்சின் கூரை என்று தமிழ்நாட்டுத் தனியார் பஸ்கள் பலவும் உடம்பு பெறுவது கரூர்ப் பட்டறைகளில். அதனால் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பதும் அவர்களுக்கே அத்துப்படி.

"சீட்டக் கழட்டுறது அரை நாள் வேலைங்க சார். மொதல்ல தரையப் பேத்துப் பாருங்க" என்றார் பட்டறை மேஸ்திரி. வீல் ஆர்ச்சைச் சுற்றி, படிக்கட்டின் அடியில், ரப்பர் விட்டுப்போன ஜன்னல் மூலையில் என்று அவர் விரல் தானாகவே போனது.

பள்ளி பஸ்ஸின் தரை என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் ஒரு நினைப்பு வரும். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன்னால், கோடை விடுமுறையில், ஆர்.டி.ஓ. அதிகாரிகள் மைதானத்தில் பஸ்களை வரிசைகட்டித் தரையிலிருந்து அவசர வழி வரைக்கும் சோதிப்பதை இப்போது எல்லா மாவட்டங்களிலும் பார்க்கலாம். அந்தச் சோதனையில் இனித் தேறாது என்று ஒதுக்கப்படுகிற வண்டியைத்தான் நாங்கள் வீடாக்க யோசித்தோம். குழந்தைகள் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரக்கூடாத இடத்தில், ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவன் இரவு முழுக்கத் தூங்கலாமா என்று யாராவது கேட்டால், புதுத் தரை போட்டுவிட்டோம் என்று ரசீதோடு காட்டத் தெரிய வேண்டும்.

அடுத்தது வெயில். தகரக் கூரைக்கும் ரெக்சினுக்கும் நடுவில் எதையாவது அடைக்காமல் சித்திரையில் பகல் ஷிப்ட் லீவு போட்டுப் படுக்க முடியாது. "நம்மகிட்டத்தான் கட்டிங் வேஸ்ட் மலையாக் கிடக்குதே" என்றார் நண்பர். திருப்பூர்க்காரருக்கு வரவேண்டிய யோசனைதான். இங்கே வெட்டித் தள்ளிய துணி ஓபன் எண்ட் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகும். மிஞ்சியது நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்புகளில் கிரீஸ் துடைக்கும். வீணாக எதையும் விடாத ஊர், ஒரு பஸ்ஸை விடுமா? ஆனால் கூரைக்குள் பஞ்சை அடைத்துக் கீழே கேஸ் அடுப்பு வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடைப்பதற்கு வேறு சரக்கு உண்டு. ஆனால் எதைப் போட்டாலும் ஓரிரு அங்குலம் உயரம் குறையும். ஆறடி ஆள் குனிந்தே நடப்பான்.

இத்தனையும் பட்டறை வேலை. காசும் கைத்திறனும் இருந்தால் முடிந்துவிடும். நான் அறிந்தவரை பஸ் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மடக்குக் கட்டில், ஒளித்துவைத்த அலமாரி, தேங்காய் நார் மெத்தை. செக்கிங் அம்மாவின் கேள்விக்கு இதிலெல்லாம் பதில் கிடையாது.

மூணாற்றில் கிடைக்கும். 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் அங்குள்ள டிப்போவில் பழைய பஸ்ஸுக்குள் 16 அடுக்குப் படுக்கைகள் போட்டு, இரவுக்கு 100 ரூபாய் என்று வாடகைக்கு விட்டது. கூட்டம் வந்தது. பஸ் நின்றது கழகத்தின் சொந்த நிலம். கழிப்பறையும் தண்ணீரும் காவலும் டிப்போவில் ஏற்கெனவே இருந்தவை. பஸ் கொடுத்தது படுக்கையை மட்டும். புனேயில் இதையே தலைகீழாகச் செய்தார்கள்: 2016 முதல் பழைய பஸ்களைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக்கி நிறுத்தினார்கள். 2020-ல் பெங்களூரு மெஜஸ்டிக்கிலும் ஒன்று வந்தது. ஊருக்குள் எது கிடைக்கவில்லையோ அதை பஸ்ஸுக்குள் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் அதைச் சொல்வேன்.

சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஓடுகிற வீடு வேண்டுமென்றால் வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வீட்டுக்கும் கட்ட வேண்டும். ஆர்.சி.யை ஒப்படைத்து நிறுத்திவிட்டால் ஆர்.டி.ஓ. விட்டுவிடுவார். அப்புறம் ஈ.பி. ஆபீசில் இடம் யாருடையது என்று கேட்பார்கள்.

பஸ்ஸை வீடாக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் பள்ளி பஸ்ஸுக்கு மஞ்சள் என்று ஒரு மாநாடு கூடி முடிவுசெய்தது 1939-ல். அதே ஆண்டு மாடல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளி பஸ் ஒன்றை 1964-ல் நாவலாசிரியர் கென் கெசி வாங்கி, கண்டபடி வண்ணம் பூசி, நண்பர்களோடு நாட்டின் குறுக்கே ஓட்டினார். பஸ் வீட்டின் புகழ் அங்கிருந்து தொடங்குகிறது. எனக்குப் பிடித்த தகவல் வேறு: கெசிக்கு அதை விற்றவர் தன் பதினோரு பிள்ளைகளை ஊர்சுற்ற அழைத்துப்போக, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் முன்னரே அதில் பொருத்திவைத்திருந்தார். அவர் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெரிய வீட்டை விட்டுவிட்டு பஸ்ஸில் வாழ்கிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் வண்டியில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவர்களின் படம்தான் நம் செல்போனுக்கு வருகிறது.

சின்ன இடத்தில் வாழ்வது ஒன்றும் குறைவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆட்கள் மாதக்கணக்கில் வடநாட்டுக் காடுகளில் லாரியோடு சமைத்து, லாரியோடு தூங்கி, போர் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்குத் திரும்ப ஒரு வீடு இருக்கிறது. ஒடிசாப் பையன்களுக்கும் இருக்கிறது. இங்கே சனிக்கிழமை வாங்கும் சம்பளம் அங்கே செங்கல்லாகிறது. ஆகவே திருப்பூரில் அவர்களுக்குக் கனவு வீடு தேவையில்லை என்றுதான் நண்பர் வாதாடினார். நான் மறுக்கவில்லை. பூட்டுகிற கதவு, காற்று, வெளிச்சம், வரிசையில் நிற்காமல் போகக் கழிப்பறை: பஸ்ஸோ கட்டடமோ, இவை இருந்தால் பத்துக்குப் பத்தில் ஆறு பேர் படுப்பதைவிட எவ்வளவோ மேல்.

என் சிக்கல் வேறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்பெனி ரூமில் இருந்தவர்களுக்கு வேலையும் கூரையும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. நல்ல முதலாளி சோறு போட்டார், மற்றவர் போடவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் ஆர்டர் நின்ற இடங்களில் முதலில் எழுந்த கேள்வி, ரூமைக் காலி பண்ணச் சொல்லுவார்களா என்பதுதான். லைன் வீட்டுக்காரர் எவ்வளவு கறாரானவராக இருந்தாலும், வாடகை கொடுக்கிற வரைக்கும் நீ எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் பத்து ரூபாய் அதிக பீஸ் ரேட்டுக்குப் போகலாம். பாயும் அடுப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அழுக்குப் பத்துக்குப் பத்துக்குள் அப்படியொரு வசதி இருக்கிறது. ஓனர் காம்பவுண்டில் நிற்கும் பஸ், ஜன்னல் எத்தனை இருந்தாலும், அதைத் தராது. 2020 அக்டோபரிலிருந்து ஒடிசா ரேஷன் கார்டுக்கு இங்கேயே அரிசி வாங்கலாம் என்று ஆகியிருக்கிறது. ஆளோடு கூடவே வருகிற மாதிரி அரிசியை மாற்றிவிட்டோம். கூரையைப் பற்றி அப்படி யோசித்தவர் குறைவு.

இதை நண்பரிடம் சொன்னேன். "அப்ப நான் வாடகை ரசீது போட்டுத் தரட்டுங்களா?" என்றார், பாதி கேலியாக. தாருங்கள் என்றேன். வேலையை விட்டாலும் இரண்டு மாதம் இருக்கலாம் என்று அதில் எழுதுங்கள் என்றும் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனவர் அடுத்த வாரம் கொத்தனாரை வைத்துக் காலியிடத்தின் பின்பக்கம் இரண்டு கழிப்பறையும் ஒரு குளியலறையும் கட்ட ஆரம்பித்தார். பஸ் வந்தாலும் வராவிட்டாலும் அது வேண்டும் அல்லவா.

தங்கப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்லாக் ஓட்டும் பையனைக் கூப்பிட்டு பஸ் படத்தைக் காட்டினார். அவன் கட்டில் எத்தனை, ஃபேன் எத்தனை என்று கேட்பான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து பழகிய தமிழில் கேட்டான்: "அண்ணா, ராத்திரி கேட்டு சாவி யாருகிட்ட?"

நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடமோ மே மாதச் சோதனைக்கு முன்னால் பஸ்ஸைக் கழித்துவிட வேண்டும் என்கிறது. எடைக்கு எடுத்துக்கொள்ள உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.