பிறர் மடித்து வைத்த பரசூட்



நம் கைகளில் பலம் உள்ளவரை அந்தக் கைகளையே நம்பி வாழ்கிறோம். அவை செயலற்றுப் போகும் வேளையில் நம்மைத் தாங்குவது யாது?

1959-ம் ஆண்டு நவம்பர் 16-ந் திகதி. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், விமானப்படைக் கப்டன் யோசப் கிற்றிங்கர் பெரியதொரு பலூனில் வானேறி, 76,400 அடி உயரத்திலிருந்து குதித்தார். அவருக்கு அப்போது வயது 31. அவ்வளவு உயரத்தில் காற்று மிகவும் ஐதானது. விழுகிற உடல் பம்பரம் போலச் சுழலத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, முதலில் ஒரு சிறிய பரசூட் விரியும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அதுவோ வேளைக்கு முன்னதாகவே வெளிப்பட்டது. அதன் கயிறு அவருடைய கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 தடவை சுழன்று அவர் நினைவிழந்தார்.

அவருடைய வீரமும் பயிற்சியும் அந்நேரம் அவருக்கு உதவவில்லை. கயிற்றை இழுக்க ஒரு விரலைக்கூட அசைக்க இயலாத நிலை. ஆயினும் பூமி நெருங்கி வந்தபோது, காற்றின் அமுக்கத்தைக் கொண்டு தானாக இயங்கும் கருவி ஒன்று ஆபத்துக்கால பரசூட்டை விரித்தது. அவர் உயிரோடு தரை சேர்ந்தார். 25 நாட்களின் பின் மறுபடியும் குதித்தார். 1960 ஓகஸ்ட் 16-ல் 102,800 அடியிலிருந்து குதித்து நலமாக இறங்கினார். 2022-ம் ஆண்டிலே, தமது 94-வது வயதில்தான் காலமானார்.

நிற்க. பரசூட்டில் குதிப்போரைப் பற்றி அமெரிக்காவில் இன்று ஒரு சட்டம் உண்டு. பிரதான பரசூட்டைக் குதிப்பவர் தாமே மடித்துக்கொள்ளலாம். ஆபத்துக்கால பரசூட்டையோ, அதற்கென அத்தாட்சி பெற்றவரே மடித்து முத்திரையிட வேண்டும். அதை ஒரு தடவையேனும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாட்களுக்குள் பிரித்துப் பார்த்துத் திரும்பவும் மடிக்க வேண்டும். 'இதுவரை தேவைப்படவில்லையே' என்று எவரும் அதை விட்டுவிட முடியாது.

பிரியமானவர்களே, நம்முடைய ஞான வாழ்வும் இப்படிப்பட்டதன்றோ? பேச்சறியாப் பாலகராய் இருந்தபோதே நம்மை ஞானஸ்நானத் தொட்டியண்டை தூக்கிச் சென்றவர்கள் பிறர். முதற் செபங்களை நம் வாயில் வைத்தவர்கள் தாய் தந்தையர். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னே இறக்கியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் ஓரடியும் நடக்கவில்லை. ஆண்டவரோ சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்தார்.

மாலையில் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும்போது பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். நமக்கும் ஆயிரம் பராக்குகள். 'இதனால் என்ன பயன்?' என்று தோன்றலாம். அவ்வேளையிலேதான் ஆபத்துக்கால பரசூட் மடிக்கப்படுகிறது! ஒரு நாள் துக்கத்தால் வாயடைத்துப்போன மகனுக்கும், அவஸ்தையில் கிடக்கும் தாய்க்கும் அந்தச் செபம் தானாக விரியும். அவர்கள் சொல்ல முடியாததைச் சூழ நிற்பவர்கள் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனமும் அப்படியே. பெரிய பாவமில்லை என்று வருடக்கணக்காய்த் தள்ளிப்போடாமல், காலத்துக்குக் காலம் ஆன்மாவைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. 1962-ம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாளன்று, சோவியத் வீரர் பியோத்தர் தொல்கோவ் அவ்வாறே வானிலிருந்து குதித்தார். பரசூட் விரிந்திருந்தும் உயிரற்ற உடலே தரை சேர்ந்தது. ஒருவர் பிழைக்க மற்றவர் மாண்டது ஏன்? ஒருவர் செபித்ததாலும் மற்றவர் செபியாததாலும் என்று கூற நாம் யார்? மரணமே நம்மை அணுகாது என்று ஆண்டவர் வாக்களிக்கவில்லை. விழும்போதும் நம்மைக் கைவிடார் என்பதே நம் நம்பிக்கை. கிற்றிங்கரும் கடைசியில் இறந்தார், நாமும் இறப்போம். அந்தக் கடைசி இறக்கத்துக்கான ஆயத்தத்தை வானத்தில் இருந்துகொண்டு செய்ய முடியாது. தரையில் நிற்கும்போதே செய்துகொள்ள வேண்டும்.

ஆகையால் இன்று மாலை உங்கள் வீட்டில் விளக்கேற்றி, பிள்ளைகளை அருகே அழைத்து முழந்தாளிடுங்கள். நோயினாலோ துயரத்தினாலோ செபிக்க இயலாதிருக்கும் ஒருவரை நினைத்து, அவருக்காக ஒரு பத்து மணி சொல்லுங்கள். அவருக்குரிய பரசூட்டை மடிக்கும் கைகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.