பயிரும் சந்ததியும்

பூமியில் குழப்பம் விளைவிப்பவனைப் பற்றி அல்லாஹுத் தஆலா திருமறையின் இரண்டாவது அத்தியாயத்தில் எச்சரிக்கிறான். அவன் அழிக்கும் பொருள்களாகப் பயிரையும் சந்ததியையும் சேர்த்தே கூறுகிறான். ஏன் சேர்த்துக் கூறினான் என்று நாம் சிந்தித்ததுண்டா?

வியட்நாமைப் பாருங்கள். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி பொழிந்தன. மரங்கள் பட்டுப்போயின, நெல் கருகியது. அத்துடன் நின்றதா? அதில் கலந்திருந்த டையாக்ஸின் என்னும் நஞ்சு மீனில் ஏறி, தாய்ப்பாலிலும் கண்டறியப்பட்டது. பயிரை அழித்த கை சந்ததியையும் தொட்டுவிட்டது!

பாதிக்கப்பட்டோர் களைக்கொல்லியைத் தயாரித்த கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தனர். அன்றைய சர்வதேசச் சட்டம் அதனைத் தடுக்கவில்லை என்று கூறி, 2005-இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறர் கூரையைக் கொளுத்தியவனுக்குச் சிறை உண்டு. ஒரு நாட்டின் காட்டையே அழித்தவனுக்கு இல்லை. இது என்ன நீதி?

கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களோ, போருக்குச் செல்லும் படைக்கே கனி தரும் மரங்களை வெட்டலாகாது எனக் கட்டளையிட்டார்கள்.

2024 செப்டம்பரில் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய தீவு நாடுகள், இயற்கையைப் பேரளவில் அழிப்பதையும் இனப்படுகொலைக்கு நிகரான குற்றமாகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் சேர்க்குமாறு முன்மொழிந்தன. இதனை ஆதரிப்பது நம் கடமையே. கப்பலின் அடித்தட்டில் துளையிடுவோரின் கையைப் பிடிக்காவிடில் மேல்தட்டினரும் மூழ்குவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறினார்களல்லவா? அக்கையைப் பிடிக்கும் கைதான் சட்டம்.

அநீதியைத் தடுப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.