எது தீட்டு?

முதியோர் இல்லத்தில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவரின் மலத்துணியை எடுப்பவளைத் 'தள்ளி நில்' என்கிறோம். அவளா தீட்டு?

1847-இல் வியன்னா மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாரைக் கொன்றது எது? பிணமறுத்துவிட்டுப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களின் கை! செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார், சாவு சரிந்தது. கிருமிக்குக் குலமில்லை; கழுவாத கையே அதன் தேர்.

குருதி தோய்ந்த கட்டுத்துணி மஞ்சள் பைக்கு, ஊசி துளைபடாத வெள்ளைக் கலத்துக்கு என்கின்றன 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். ஊசியைக் குப்பையில் எறிபவன் அறிவான்: அது குத்தப்போவது தன் கையையன்று, குப்பை அள்ளுபவளின் கையை! இது சோம்பலா? இல்லை, அநீதி!

தோழர்களே, படுக்கைக்குப் படுக்கை கையைக் கழுவுவோம். நெஞ்சில் படிந்த சாதி அழுக்கையும் சேர்த்தே கழுவுவோம்!