களவெட்டியும் பள்ளிவாசலும்

பசித்தவனின் தொழுகையில் பசியும் வந்து முன்வரிசையில் நிற்கும். இதை அறிந்த மார்க்கம், விளைச்சலின் ஸகாத்தை அறுவடையோடு சேர்த்தே கடமையாக்கியது. மழையில் விளைந்தால் 10 இல் ஒரு பங்கு. பாடுபட்டு நீர் இறைத்து விளைந்தால் 20 இல் ஒரு பங்கு. ஏழையின் உரிமையைச் சொன்ன அதே சட்டம் விவசாயியின் வியர்வையையும் கணக்கில் எடுத்தது. எவ்வளவு பெரிய நீதி இது!

ஆனால், கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. விளைவித்தவனுக்கு நியாய விலையும் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 2015 இல் ஒரு கறுப்பினத் திருச்சபை, கறுப்பின விவசாயிகளின் விளைச்சலைத் தன் வாசலுக்கே வரவழைத்தது. ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் காய்கறியோடு வீடு திரும்பினார்கள். இடைத்தரகர் இல்லை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் முகம் தெரியும்.

ஜும்ஆவுக்கான அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடச் சொன்ன மார்க்கம், தொழுகை முடிந்ததும் வாழ்வாதாரம் தேடிப் பரந்து செல்லவும் சொன்னது. கிழக்கிலங்கையில் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை பள்ளிவாசல் இல்லாத முஸ்லிம் ஊர் எது? நிர்வாகிகளே, தொழும் இடத்துக்குள் வேண்டாம்; வெள்ளிக்கிழமை பகலில் மதிலோரத்து நிழலை மட்டும் நம் ஊர் விவசாயிக்கும் வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்ணுக்கும் விளைச்சலை விற்க வாடகையின்றித் தாருங்கள்.