கற்றதை மறுபடி கற்க வேண்டுமா?

ஆன்மா ஒரு பிறவியில் ஈட்டிய அறிவு அடுத்த பிறவியிலும் அதைத் தொடர்கிறது என்று நம் சமயம் நம்புகிறது. சம்பந்தர் மூன்று வயதில் சீகாழியில் பாடியதை முற்பிறவித் தவத்தின் பயன் என்றே சைவர்கள் கொள்கிறோம். யோகம் கைகூடுமுன் இறந்தவன் மறுபிறவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வான் என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். உடல் மாறினாலும் அழியாத கல்வி, பள்ளி மாறினால் மட்டும் அழிந்துவிடுமா? மலேசியாவில் ஹுத்தான் மெலிந்தாங் போன்ற தோட்டப்புற ஊரில் ஆறாம் படிவம் போகும் பிள்ளை, ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்களாகப் பொருளியலும் கணிதமும் தமிழும் படித்து எஸ்டிபிஎம் தேர்வை எழுதுகிறது. நம் பொதுப் பல்கலைக்கழகங்களோ அதைப் பெரும்பாலும் நுழைவுச்சீட்டாகவே பார்க்கின்றன. உள்ளே போனதும் அதே பொருளியல் அடிப்படைகள் மறுபடி தொடங்குகின்றன. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியிலேயே கல்லூரி நிலை ஏபி தேர்வில் ஐந்துக்கு நான்கோ ஐந்தோ எடுத்தவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தின் கிரெடிட்டைத் தந்துவிடுகின்றன. இங்கே ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. சொந்தமாகப் படிக்கும் நேரமும் அதில் சேர்த்தி. முன் அனுபவக் கற்றலை மதிப்பிடும் ஏபெல் முறையில் வேலை அனுபவத்துக்கே கிரெடிட் தருகிறோம். உழைப்புத்தான் அளவுகோல் என்றால், ஆறாம் படிவத்தில் உழைத்ததை மட்டும் தள்ளுவது அறமாகாது.

மதிப்பெண் ஞானம் ஆகாது என்பார்கள். உண்மைதான், மனப்பாடம் செய்து ஏ வாங்கி மறந்தவர்களும் உண்டு. அப்படியானால் பல்கலைக்கழகத் துறையே ஒரு தேர்வு வைத்து, தேறியவருக்குக் கிரெடிட் தரட்டும். பட்டம் மணிக்கணக்கல்ல, ஆசிரியரோடு இருந்து பக்குவப்படுவது என்ற மறுப்பு இதைவிட ஆழமானது. அதற்கும் சைவ சித்தாந்தத்திலேயே விடை இருக்கிறது. சரியை என்ற முதல் படியை முடித்தவரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை, அடுத்த படியான கிரியைக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் திரும்பச் சரியையில் உட்கார வைப்பதுமில்லை. கிரெடிட் கிடைத்து மிச்சமாகும் பருவத்தில் மாணவர் மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கூடுதலாக எடுக்கலாம். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் அழுத்தும் குடும்பத்துப் பிள்ளை ஒரு பருவம் முன்னதாக வேலைக்குப் போனாலும் அதில் குறையேதும் இல்லை. இச்சலுகை வசதி உள்ளவர்களுக்கே போய்ச் சேரும் என்ற அச்சம் ஏ லெவல் விஷயத்தில் நியாயமானது, ஏனென்றால் அதைத் தனியார் கல்லூரியில் படிக்கச் செலவு அதிகம். எஸ்டிபிஎம் அப்படியல்ல. அரசுப் பள்ளியில் குறைந்த செலவில் படிப்பது அது; தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் அதுவே. கிரெடிட் கொடுக்கத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.