இதயம் எப்போது நிரம்பும்?

"கருவறையில் துடிக்கத் தொடங்கிய இதயம் மௌத்து வரை ஓய்வதில்லை, உனக்கு மட்டும் என்ன தூக்கம்?" வகுப்பில் கண்ணயரும் பிள்ளைகளிடம் பல வருடங்களாக நான் கேட்டுவந்த கேள்வி இது. ஆசிரிய கலாசாலையில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட வசனம். பிள்ளை தலைகுனியும். பாடம் பலித்தது என்று எண்ணிக்கொள்வேன்.

தரம் 11இல் ஒரு பையன். வாப்பா இல்லை. சுபஹுக்கு முன்னரே கரைவலை இழுக்கப் போய், உடுப்பை மாற்றிக்கொண்டு பாடசாலைக்கு வருவான். ஒருநாள் அவனிடமும் இதைக் கேட்டேன். அவன் தலைகுனியவில்லை. "அப்ப அது எப்ப சேர் நிரம்பும்?" என்றான். வகுப்பு சிரித்தது. அதிகப்பிரசங்கம் என்று நினைத்து, பாடம் முடியும்வரை அவனை எழுந்து நிற்க வைத்தேன்.

அன்றிரவு பழைய குறிப்புகளைப் புரட்டினேன். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். இதயவறைகள் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவது அதில் ஏறத்தாழ 0.3 செக்கன்தான். மீதி 0.5 செக்கனும் அவை தளர்ந்து கிடக்கின்றன. நிரம்புவது அப்போதுதான். சோணையறைகளிலிருந்து இரத்தத்தின் பெரும்பகுதி, எவரும் தள்ளாமலே, திறந்த வால்வுகளினூடாக இறங்கிவிடுகிறது, கடைசி 0.1 செக்கனில் சோணையறைகள் சுருங்கி மிச்சத்தைச் சேர்க்கின்றன. இடது இதயவறையில் சேர்வது சுமார் 120 மில்லிலீற்றர். பெருநாடிக்குப் போவது 70. ஏறத்தாழ 50 உள்ளேயே தங்கிவிடுகிறது. இதயத்தசைக்கு உணவூட்டும் முடியுரு நாடிகளில், விசேடமாக இடப்பக்கத்தில், அதிக இரத்தம் ஓடுவதும் தளர்ந்திருக்கும்போதுதான். சுருங்கும் தசை தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. துடிப்பு விரைந்தால் முதலில் குறுகுவது இந்தத் தளர்வு நேரம். அளவு மீறி விரைந்தால் நிரம்ப நேரமின்றி, வெளியேற்றும் இரத்தமும் குறைந்துவிடும்.

இதெல்லாம் நான் படிக்காததல்ல. பரீட்சைக்குப் படம் கீறி புள்ளி வாங்கியவன்தான். தெரிந்துகொண்டே பிழையான உவமையைச் சொல்லிவந்தேன். நோக்கம் நல்லதுதானே என்று என்னைத் தேற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. அந்தப் பிழையின் பாரம் விழுந்தது வகுப்பிலேயே அதிகம் களைத்திருந்தவன் தலையில்.

இன்னொன்றும் உறுத்தியது. இதயம் மெய்யாகவே ஓய்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மட்டும் அவனை நிற்க வைத்தது நியாயமாகிவிடுமா? இரவு இரண்டு மணிக்கு எழுந்த பிள்ளை தூங்குவதற்கு இதயத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. "இதயமே ஓய்வெடுக்கிறது, நீயும் எடு" என்று இனிச் சொன்னாலும் அதே வித்தைதான்.

மறுநாள் அவன் வரவில்லை. கடலில் மீன் பட்டிருந்தது. மூன்றாம் நாள், எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் கணக்கை எழுதினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அம்பதும் ஏன் சேர் மிஞ்சுது?"

பாடுபடும்போது இதயம் இன்னும் இறுகச் சுருங்கி, அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் என்றேன்.

"வல இழுக்கக்குள்ளயுமா?"

"ஓம், அப்பவும்தான்" என்றேன்.