பழைய படகும் பழகிய கையும்

பழைய சிறு பாய்மரப் படகைச் செப்பனிடும் வேலை, சேதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் தொடங்குகிறது. மரப்படகைக் கடல்நீரைவிட மழைநீரே அதிகம் கெடுக்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை நன்னீர் ஈரத்தில்தான் செழிக்கிறது. ஆகவே பாய்மரத்தின் அடி, பின்பலகையின் மூலைகள் எனத் தண்ணீர் தேங்கும் இடங்களைத் திருப்புளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையைத் தடுக்கும். மக்கிய மரம் உள்ளே விட்டுவிடும். ஃபைபர்கிளாஸ் படகை விரல்கணுவால் தட்டினால், அடுக்குகள் விட்டுப்போன இடத்தில் ஓசை மந்தமாகக் கேட்கும்.

அடுத்தது பழுது நீக்கல். மக்கிய பகுதியின் மேல் சாயம் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சேதம் பரவும். நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, நன்றாக உலரவிட்டு, பழைய பலகையின் ஓரத்தையும் புதுத்துண்டின் ஓரத்தையும் சரிவாகச் சீவி எப்பாக்ஸியால் ஒட்ட வேண்டும். சரிவின் நீளம் பலகைத் தடிமனைப்போல் 8 மடங்கு இருப்பது வழக்கம். பாயில் துணிக்கு முன்பே தையல்நூல் வெயிலில் இற்றுவிடும். மறுதையல் போட்டால் பல பாய்கள் மேலும் சில ஆண்டு உழைக்கும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தையே மாற்றிவிட வேண்டும்.

இந்த உழைப்பு எதுவரை கொண்டுசெல்லும் என்பதற்குப் பெங்களூரோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. மல்லேஸ்வரத்தை ஒட்டிய சாங்கி ஏரியை 1882இல் அமைத்த ரிச்சர்ட் சாங்கி, மெட்ராஸ் பொறியாளர் படை அதிகாரி. அதே மரபில் வந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இன்றும் அல்சூர் ஏரிப்பக்கம் இருக்கிறது. அப்பிரிவும் அடங்கிய இந்திய ராணுவப் பொறியாளர் படை, இங்கிலாந்தில் ஒரு பழைய படகை வாங்கி ‘திரிஷ்ணா’ எனப் பெயரிட்டது. நீளம் 37 அடிதான். படையின் அதிகாரிகள் 1985 செப்டம்பர் 28 அன்று மும்பையிலிருந்து அதில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரி 10 அன்று திரும்பினர். பாய்மரப் படகில் இந்தியர் உலகைச் சுற்றியது அதுவே முதல்முறை.

கடலுக்கு 250 கிலோமீட்டருக்கும் அப்பால், 900 மீட்டர் உயரத்தில் வாழும் மல்லேஸ்வரவாசிக்கு இதில் என்ன இருக்கிறது? புதிய பொருளைக் காசு கொடுத்து உடனே வாங்கிவிடலாம். அதன் பலம் எது, பலவீனம் எது என்ற அறிவைக் கைவேலைதான் தரும். ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுச் சரிசெய்தவருக்கு, காற்று வலுக்கும்போது பாயை எவ்வளவு இறுக்கலாம், எப்போது தளர்த்த வேண்டும் என்பது தெரியும். அந்தத் தெளிவால் அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்த இடத்தில்தான் பயணம் இன்பமாகிறது. சிறிய படகு என்பதால் முழுவதையும் ஒருவரே அறிந்துவிட முடிகிறது. அளவோடு வைத்துக்கொண்டு ஆழமாக அறிவது, உடைமைகளோடு வாழ்வதற்கு நல்ல வழி.

செப்பனிட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் நீரை வடித்து, நன்னீரில் கழுவித் துடைத்து, உள்ளே காற்றோட்டம் இருக்கும்படி மூடி வைக்க வேண்டும். பாயை உலர்த்தி வெயில் படாமல் சுருட்ட வேண்டும். இந்தப் பராமரிப்பையும் பயணத்தின் பகுதியாக ஏற்பவரிடமே பழைய படகு நெடுங்காலம் ஓடும்.